பெர்லினில் ஒரே ஓர் இடம்

2020 ஜனவரி 10, வெள்ளிக்கிழமை இரவு. பெர்லின் நகரின் மாக்ஸ் ஷ்மெலிங் அரங்கில் வாலிபால் ஆட்டத்தின் கடைசிப் பந்து தரையைத் தொட்டதும், வலையின் ஒரு பக்கத்தில் பிரெஞ்சு வீரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு துள்ளினார்கள். மறுபக்கத்தில் ஜெர்மானிய வீரர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். என் இருக்கை வலைக்கு நேராக, மேல் அடுக்கில் இருந்தது. ஆகவே கழுத்தைத் திருப்பாமலேயே இரண்டு பக்கங்களையும் ஒருசேரப் பார்க்க முடிந்தது. அன்று வென்ற அணிக்கு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓர் இடம் கிடைத்தது. தோற்ற அணிக்கு எதுவும் கிடைக்கவில்லை. வெள்ளிப் பதக்கமோ, இன்னொரு சுற்றோ, மற்றொரு கண்டத்தின் அணியோடு மோதிப் பார்க்கும் வாய்ப்போ, ஒன்றுமே இல்லை.

விடுதி அறைக்குத் திரும்பி அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். நம் ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது, ஆனாலும் அவர் விழித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். என் அப்பா இளமையில் தென்மாவட்ட ஊர் ஒன்றின் வாலிபால் அணியில் செட்டராக, அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவராக, விளையாடியவர். வெற்றிக்கு வேண்டிய மூன்று செட்டுகளையும் பிரான்ஸ் நேராக எடுத்துவிட்டது என்று நான் உற்சாகமாகச் சொல்லி முடித்ததும், அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “ஏய்யா, ரெண்டாவது வந்தவனுக்கு என்ன குடுத்தாங்க?”

அந்தக் கேள்வியின் பின்னணி எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் திருவிழாவையொட்டி நடக்கும் வாலிபால் போட்டிகளில் முதல் நான்கு இடங்களுக்கும் பரிசு உண்டு. முதல் பரிசை யார் தருகிறார்கள், இரண்டாம் பரிசின் சுழற்கோப்பை யாருடைய நினைவாக வழங்கப்படுகிறது என்பதையெல்லாம் விடிய விடிய மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நான்காம் இடத்துக்கு வந்த அணிகூட வேன் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதுமான ஒரு தொகையோடுதான் ஊர் திரும்பும். அப்படிப்பட்ட போட்டிகளில் வளர்ந்த ஒருவருக்கு, ஐரோப்பாவின் மிகச் சிறந்த அணிகள் கூடி ஆறு நாள் ஆடிய போட்டியில் இரண்டாம் இடத்துக்கு ஒன்றுமில்லை என்பது விளங்கவேயில்லை. “ஒன்னும் இல்லப்பா” என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை.

அந்த வாரத்தைப் பற்றி நான் எழுத விரும்புவதற்கு அவருடைய அந்தக் கேள்விதான் காரணம். ஒலிம்பிக் பதக்கங்களைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பதக்க மேடையின் வாசலுக்கு வெளியே, ஜனவரி மாதக் குளிரில், ஒரே ஓர் இடத்துக்காக எட்டு அணிகள் முட்டி மோதும் கண்ட அளவிலான தகுதிச் சுற்று எப்படிப்பட்டது என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோ ஒலிம்பிக்கின் ஆண்கள் வாலிபாலில் மொத்தம் 12 அணிகள். போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் ஜப்பானுக்கு ஓர் இடம். 2019 ஆகஸ்ட் மாதத்தில் ஆறு குழுக்களாக நடந்த உலக அளவிலான தகுதிச் சுற்றில் பிரேசில், அமெரிக்கா, இத்தாலி, போலந்து, ரஷ்யா, அர்ஜென்டினா ஆகிய ஆறு அணிகள் தகுதி பெற்றுவிட்டன. மீதி ஐந்து இடங்கள், கண்டத்துக்கு ஒன்று என்று 2020 ஜனவரிக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. அதாவது ஐரோப்பாவில் இன்னும் தகுதி பெறாத எல்லா அணிகளுக்கும் சேர்த்து மிஞ்சியிருந்தது ஓர் இடம் மட்டுமே. அதற்காக ஜனவரி 5 முதல் 10 வரை பெர்லினில் கூடியவை ஜெர்மனி, பிரான்ஸ், செர்பியா, ஸ்லோவேனியா, பல்கேரியா, பெல்ஜியம், நெதர்லாந்து, செக் குடியரசு.

இந்தப் பட்டியலை வாலிபால் தெரிந்தவர் யாரிடமாவது காட்டினால் முதலில் பெருமூச்சு விடுவார். செர்பியா அப்போதைய ஐரோப்பியச் சாம்பியன். நான்கு மாதங்களுக்கு முன், 2019 செப்டம்பரில், பாரிசில் நடந்த இறுதிப் போட்டியில் ஸ்லோவேனியாவை வீழ்த்திப் பட்டம் வென்றிருந்தது. ஆக ஐரோப்பாவின் முதல் அணியும் இரண்டாம் அணியும் ஒரே இடத்துக்காக வரிசையில் நின்றன. பிரான்ஸ் 2015-இல் ஐரோப்பியச் சாம்பியன். ஜெர்மனி 2014 உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலமும் 2017 ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளியும் வென்ற அணி. பல்கேரியா, ஆகஸ்ட் மாதம் தன் சொந்த நகரமான வார்னாவில் பிரேசிலை இரண்டு செட் முன்னிலையோடு மூச்சுத் திணற வைத்துவிட்டு, கடைசியில் ஐந்தாவது செட்டில் தோற்றுப்போன அணி. இவற்றில் எந்த அணி ஒலிம்பிக்குக்குப் போயிருந்தாலும், இது எப்படி உள்ளே வந்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஏழு அணிகள் வெளியே நின்றாக வேண்டும் என்பது விதி.

பெர்லினில் நான் வேலை பார்த்த காலத்தில், அந்த அரங்கு இருக்கும் பிரென்ஸ்லாவர் பெர்க் பகுதிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து போவது வழக்கம். அரங்கை ஒட்டியே மவுவர்பார்க் என்னும் பூங்கா இருக்கிறது. பெர்லின் சுவர் நகரத்தைப் பிளந்து நின்ற காலத்தில் எல்லைக் காவல் நிலமாக இருந்த இடம் அது. அரங்கின் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அதன் அளவு தெரியாது. உள்ளே நுழைந்து இருக்கைகளின் விளிம்பில் நின்று கீழே குனிந்து பார்க்கும்போதுதான், ஆழமான ஒரு கிணற்றின் அடியில் ஆரஞ்சு நிறத் தளம் விரிந்திருப்பதுபோல ஆடுகளம் தெரியும். 2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கைத் தனக்குக் கேட்டு பெர்லின் விண்ணப்பித்தபோது, குத்துச்சண்டைப் போட்டிகளுக்காகத் திட்டமிடப்பட்ட அரங்கு இது. அதனால்தான் குத்துச்சண்டை வீரர் மாக்ஸ் ஷ்மெலிங்கின் பெயர். 1993-இல் அந்த வாய்ப்பு சிட்னிக்குப் போனது. ஒலிம்பிக் வரவில்லை, அரங்கு மட்டும் 1996-இல் எழுந்தது. ஒலிம்பிக் கைநழுவிய பிறகு எழுந்த கட்டடத்துக்குள் வந்துதான் எட்டு அணிகள் ஒலிம்பிக்குக்கு வழி தேடின.

ஜெர்மானியர்களுக்கு அந்த அரங்கில் பழைய காயம் ஒன்றும் இருந்தது. 2016 ஜனவரியில் ரியோ ஒலிம்பிக்குக்கான ஐரோப்பியத் தகுதிச் சுற்றும் இதே அரங்கில்தான் நடந்தது. அப்போது இறுதிப் போட்டியில் பிரான்ஸை வென்று ரஷ்யா தகுதி பெற்றது. ஆனால் அந்த ஆண்டின் விதி சற்றுக் கருணையுள்ளது: இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பிடித்த அணிகளுக்கு மே மாதம் டோக்கியோவில் இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனி போலந்திடம் ஐந்து செட்டுகளில் தோற்றது. பிரான்ஸும் போலந்தும் டோக்கியோ வழியாக ரியோவுக்குப் போயின, ஜெர்மனி வீட்டில் இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே ஜனவரி, அதே அரங்கு, அதே சொந்த ரசிகர்கள். விதி மட்டும் முன்பைவிடக் கடுமை.

ஏன் ஜனவரி என்று கேட்கலாம். ஐரோப்பாவின் கிளப் போட்டிகள் அக்டோபரில் தொடங்கி மே மாதம் வரை ஓயாமல் நடப்பவை. தேசிய அணிகள் கூடுவதெல்லாம் கோடைக்காலத்தில்தான். ஜனவரியில் நடக்கும் தகுதிச் சுற்றுக்கு, கிளப் அட்டவணையின் நடுவே ஒரு சிறு இடைவெளியைத் திறந்துவிடுகிறார்கள். பிரான்ஸின் எர்வின் என்காபெத் ரஷ்யாவின் கசான் நகரிலிருந்து வந்தார். பிரான்ஸின் தலைவரும் செட்டருமான பெஞ்சமின் தோனியுட்டியும், ஜெர்மனியின் தலைவரும் செட்டருமான லூகாஸ் காம்பாவும் போலந்து லீகில் எதிரெதிர் கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் முடிந்தும் முடியாததுமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, மாதக்கணக்கில் சேர்ந்து ஆடாதவர்களோடு சில நாள் பயிற்சி எடுத்து, உடனே களம் இறங்க வேண்டும்.

இதில் செட்டருடைய பாடுதான் பெரும்பாடு என்பதை அப்பாவின் கையைப் பார்த்து வளர்ந்த எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பந்தை அடிக்கும் ஒவ்வோர் அட்டாக்கருக்கும் அது எந்த உயரத்தில், வலையிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு வேகத்தில் வேண்டும் என்பது வேறுபடும். கிளப்பில் மூன்று மாதமாக ஒருவருக்குப் பழகிய விரல்கள், இங்கே வேறொருவருக்கு ஒரு சாண் உயரம் குறைத்தோ கூட்டியோ போட வேண்டும். அந்த ஒரு சாண் பிசகினால் பந்து, வலைக்கு மேல் எதிரணி கை நீட்டித் தடுக்கும் பிளாக்கில் மோதிக் காலடியில் விழும். கோடையில் என்றால் இப்படிப்பட்ட பிழைகளைத் திருத்திக்கொள்ள வாரக்கணக்கில் நேரம் இருக்கும். பெர்லினில் ஆறே நாட்கள் இருந்தன.

குழு ஆட்டங்களிலேயே முதல் இடி விழுந்தது. ஐரோப்பியச் சாம்பியனான செர்பியா அரையிறுதிக்கே வரவில்லை. செப்டம்பரில் தங்கம், ஜனவரியில் வெளியேற்றம். ஒரு கோடை முழுவதும் உழைத்துப் பெற்ற பட்டத்துக்கு இந்த வாரத்தில் எந்த மதிப்பும் இல்லை என்பதை அன்று எல்லோரும் உணர்ந்துகொண்டார்கள். எஞ்சியவை பிரான்ஸ், ஸ்லோவேனியா, ஜெர்மனி, பல்கேரியா. பல்கேரியாவை ஜெர்மனி வென்றது. அந்த ஆட்டத்தைவிட, பிரான்ஸுக்கும் ஸ்லோவேனியாவுக்கும் நடந்த மற்ற அரையிறுதியைத்தான் என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

ஸ்லோவேனியா சுமார் 21 லட்சம் மக்கள் வாழும் நாடு. நம் ஊரில் ஒரு மாவட்டத்தின் மக்கள்தொகை அது. அந்தச் சிறிய நாடு 2015-லும் 2019-லும் ஐரோப்பாவில் இரண்டாம் இடம் பெற்றது. ஆனால் அதுவரை ஒலிம்பிக் வாலிபாலில் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. தலைவர் டினே உர்நாவுட்டைச் சுற்றி உருவான அந்தத் தலைமுறைக்கு, இதுதான் கடைசி வாய்ப்பாக இருக்கலாம் என்று பலரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று முதல் இரண்டு செட்டுகளையும் ஸ்லோவேனியா எடுத்தது. என் பின்னால் ஸ்லோவேனியாவின் கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு நின்ற ஒரு பெண்மணி, இரண்டாவது செட் முடிந்ததும் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டார். மகிழ்ச்சியில் மூடிக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன். கையை எடுத்தபோதுதான் அவர் பயந்திருப்பது தெரிந்தது.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. வாலிபாலுக்குக் கடிகாரம் இல்லை. கால்பந்தில் இரண்டு கோல் முன்னிலையில் இருக்கும் அணி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைக்கலாம். கபடியில்கூட முன்னிலையில் இருப்பவர்கள் கடைசி ரெய்டுகளை வெறுமனே பாடிவிட்டு வரலாம். வாலிபாலில் அப்படி ஒளிய இடமே கிடையாது. இரண்டு செட் எடுத்துவிட்டாலும் மூன்றாவது செட் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்றுதான் தொடங்கும். முதல் இரண்டு செட்டுகளில் சேர்த்த பாயிண்டுகள் எதையும் கையோடு எடுத்துப்போக முடியாது. கடைசிப் பாயிண்டை எதிரணியின் தரையில் இறக்கியே ஆக வேண்டும், அதுவரை ஆட்டம் முடியாது.

மூன்றாவது செட்டிலிருந்து நான் பந்தைப் பின்தொடர்வதை விட்டுவிட்டு, பிரான்ஸின் லிபரோ ஜெனியா கிரெபென்னிகோவை மட்டும் பார்க்கத் தொடங்கினேன். லிபரோ என்பவர் வலைக்கு மேல் பந்தை அடிக்க முடியாது, சர்வீஸ் போடுவதில்லை. எதிரணியின் அடியைத் தரையில் விழாமல் எடுத்துக்கொடுப்பதற்கென்றே வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பவர். எதிரணியின் அட்டாக்கர் ஓடிவரத் தொடங்கும்போதே கிரெபென்னிகோவின் குதிகால்கள் தரையைவிட்டு எழுந்துவிடும். அடிப்பவரின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, கை பந்தைத் தொடுவதற்கு முன்பே அரையடி நகர்ந்திருப்பார். பந்து வந்து சேரும்போது அவர் பாயவேண்டிய தேவையே பல சமயங்களில் இருப்பதில்லை. ஏற்கெனவே அங்கே நிற்பார். பார்ப்பவர்களுக்கு எளிதாகத் தெரியும் அந்த அரையடிக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பயிற்சி இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு பந்து எழும்போதெல்லாம், அடித்த ஸ்லோவேனிய வீரர் தான் நன்றாக அடித்ததாக நினைத்த அடி திரும்பி வருவதைப் பார்த்து, அடுத்த அடியைக் கோட்டுக்கு இன்னும் நெருக்கமாக அடிக்கப் பார்ப்பார். அங்கேதான் பிழைகள் தொடங்கின.

பிரான்ஸ் மூன்றாவது செட்டை எடுத்தது, நான்காவதை எடுத்தது, ஐந்தாவதையும் எடுத்தது. ஆட்டம் முடிந்து திரும்பிப் பார்த்தேன். கொடி போர்த்திய பெண்மணி இருக்கையில் அமர்ந்து கொடியை நான்காக, எட்டாக, ஓரங்கள் பிசகாமல் நிதானமாக மடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நடந்த இறுதிப் போட்டியில் அப்படி ஒரு திருப்பம் நிகழவில்லை. சொந்த ரசிகர்கள் மடித்த அட்டைகளைத் தட்டி எழுப்பிய ஓசை அந்தக் கிணற்றுக்குள் காதைப் பிளந்தது. ஜெர்மனியின் நம்பிக்கை முழுவதும் 35 வயதான ஜியோர்கி குரோசரின் வலது கையில் இருந்தது. ஹங்கேரியில் பிறந்து ஜெர்மனிக்காக ஆடியவர். அவர் சர்வீஸ் கோட்டுக்குப் பின்னால் போய் நின்று பந்தைச் சுழற்றி மேலே எறியும்போது அரங்கு மூச்சை அடக்கிக்கொள்ளும். ஆனால் முந்தைய இரவு செத்துப் பிழைத்து வந்த பிரெஞ்சு அணி, இறுதிப் போட்டியில் பயமே இல்லாமல் ஆடியது. மூன்று செட்டுகளில் எல்லாம் முடிந்தது. குரோசரும் காம்பாவும் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடியவர்கள். ரியோவைத் தவறவிட்டார்கள், இப்போது டோக்கியோவையும் தவறவிட்டார்கள். குரோசர் வலைக்கு அருகே நின்று, எதிரணியின் ஒவ்வொருவருக்கும் வலைக்கு அடியில் கை கொடுத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெர்மனியின் பயிற்சியாளராக அன்று எல்லைக்கோட்டருகே நின்றவர் இத்தாலிக்காரரான ஆந்த்ரேயா ஜானி. விளையாடிய காலத்தில் 1990, 1994, 1998 என்று மூன்று முறை உலகச் சாம்பியனாக இருந்தவர். ஒலிம்பிக்கில் இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம். தங்கம் மட்டும் கிடைக்கவேயில்லை. 2015 ஐரோப்பிய இறுதிப் போட்டியில் அவர் ஸ்லோவேனியாவின் பயிற்சியாளர். அப்போதும் பிரான்ஸிடம் நேர் செட்டுகளில் தோற்றார். பெர்லினில் ஜெர்மனியோடு வந்து மறுபடியும் பிரான்ஸிடம் நேர் செட்டுகளில் தோற்றார். அவரைப் பற்றி மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

பிரான்ஸ் டிக்கெட் வாங்கிவிட்டது, ஆனால் பயணம் போக முடியவில்லை. மார்ச் மாதத்துக்குள் உலகமே கதவை மூடிக்கொண்டது. மார்ச் 24 அன்று டோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. பெர்லின் வீதிகளில் ஆள் நடமாட்டம் இல்லாத அந்த நாட்களில் அரங்கின் பக்கமாக ஒருநாள் நடந்து போனேன். பூட்டிய கண்ணாடிக் கதவில், நடக்காமலே போன ஒரு கிளப் ஆட்டத்தின் சுவரொட்டி இருந்தது.

2021-இல் டோக்கியோவில் நடந்ததைப் பலரும் அறிவார்கள். பிரான்ஸ் குழுவில் ஐந்து ஆட்டங்களில் மூன்றில் தோற்று, தட்டுத் தடுமாறி நான்காவது இடத்தோடு காலிறுதிக்குள் நுழைந்தது. அங்கே எதிரில் நின்றது 2014, 2018 உலகச் சாம்பியனான போலந்து. அதை ஐந்து செட்டுகளில் வென்றது. அரையிறுதியில் அர்ஜென்டினாவை வென்றது. ஆகஸ்ட் 7 அன்று இறுதிப் போட்டியில் ரஷ்ய அணியை 25-23, 25-17, 21-25, 21-25, 15-12 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது. அதற்கு முன் பிரான்ஸ் ஒலிம்பிக் வாலிபாலில் எந்தப் பதக்கமும் பெற்றதில்லை. என்காபெத் தொடரின் சிறந்த வீரர். ஒன்பது ஆண்டுகளாக அந்த அணியை வளர்த்த பயிற்சியாளர் லோரான் டில்லி, தான் வீரராக இரண்டு ஒலிம்பிக்கில் ஆடியும் காணாத மேடையைத் தன் மகன் கெவின் ஏறக் கண்டார்.

பன்னிரண்டு அணிகளில் கடைசி வாசல் வழியாக, ஐரோப்பாவுக்கு மிஞ்சிய ஒற்றை இடத்தைப் பிடித்து உள்ளே வந்த அணிக்குத் தங்கம். பெர்லின் அரையிறுதியில் ஸ்லோவேனியா இன்னும் ஒரு செட் எடுத்திருந்தால் இந்தத் தங்கம் இல்லை என்பது எல்லோரும் சொல்வதுதான். என் மனம் அதற்கு எதிர்ப்பக்கமாகத்தான் போகிறது. தங்கம் வெல்லும் தரம் அந்த ஒற்றை இடத்துக்கு இருந்தது என்றால், பெர்லினில் வெளியே நின்ற ஸ்லோவேனியாவும் செர்பியாவும் ஜெர்மனியும் எவ்வளவு தரமான அணிகளாக இருந்திருக்க வேண்டும்! அவர்கள் அந்த ஆகஸ்ட் மாதத்தில் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள்.

இந்தக் கொடுமையை ஏன் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. 2020 ஜனவரியில் மற்ற நான்கு கண்டங்களிலிருந்து தகுதி பெற்றவை ஈரான், கனடா, வெனிசுவேலா, துனிசியா. இவற்றில் சில அணிகளை பெர்லினில் கூடிய எட்டில் எதுவும் வென்றிருக்கும் என்று ஐரோப்பிய ரசிகர்கள் சொல்வார்கள். அது பொய்யென்று நானும் சொல்ல மாட்டேன். அந்த ஜனவரி முடிந்த உடனே, பிப்ரவரி 1 முதல், சர்வதேச வாலிபால் கூட்டமைப்பு புதிய தரவரிசை முறை ஒன்றைக் கொண்டுவந்தது. சதுரங்கத்தில் இருப்பதுபோல ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புள்ளிகள் ஏறி இறங்கும் முறை அது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குக் கண்டத் தகுதிச் சுற்றுகளே இல்லாமல் செய்துவிட்டார்கள். 2023 இலையுதிர்காலத்தில் மூன்று இடங்களில் நடந்த எட்டு அணிச் சுற்றுகளிலிருந்து ஆறு அணிகள், தரவரிசையிலிருந்து ஐந்து அணிகள், அத்துடன் போட்டியை நடத்தும் பிரான்ஸ்.

விளைவைப் பாருங்கள். டோக்கியோவில் ஐரோப்பிய அணிகள் நான்கு, பாரிசில் ஆறு. டோக்கியோவில் ஆசிய அணிகள் இரண்டு. பாரிசில் ஜப்பான் ஒன்றுதான். டோக்கியோவின் முதல் நாளிலேயே போலந்தை ஐந்து செட்டுகளில் வீழ்த்திய ஈரான் பாரிசில் இல்லை. ஸ்லோவேனியா, செர்பியா, ஜெர்மனி மூன்றும் உள்ளே வந்தன. அதற்காக நான் மனதார மகிழ்ந்தேன். குறிப்பாக, டினே உர்நாவுட்டின் ஸ்லோவேனியா முதன்முறையாக ஒலிம்பிக்கில் ஆடி, தன் குழுவில் பிரான்ஸையும் வென்று முதலிடம் பெற்றபோது, கொடியை மடித்த அந்தப் பெண்மணியை நினைத்துக்கொண்டேன். ஆனாலும் கண்டத் தகுதிச் சுற்றை நீக்கியதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பெர்லினில் நான் உட்கார்ந்திருந்த அதே வாரத்தில், சீனாவின் ஜியாங்மென் நகரில் ஆசியத் தகுதிச் சுற்று நடந்தது. எட்டு அணிகளில் இந்தியாவும் ஒன்று. இந்தியா குழுச் சுற்றோடு வெளியேறியது. ஈரான் இறுதியில் சீனாவை வென்று டோக்கியோ போனது. இந்திய ஆண்கள் வாலிபால் அணி இதுவரை ஒலிம்பிக்கில் ஆடியதேயில்லை. 1962 ஆசிய விளையாட்டில் வெள்ளியும் 1986-இல் வெண்கலமும் வென்ற நாடு இது. தோற்றாலும் அன்று ஜியாங்மென்னில் ஒரு வாசல் இருந்தது. ஒரு வாரம் நன்றாக ஆடினால் போதும் என்று ஒரு பையன் கனவு காண இடம் இருந்தது. தரவரிசைப் புள்ளிகளோ, ஆண்டுதோறும் பெரிய அணிகள் தங்களுக்குள் ஆடும் நேஷன்ஸ் லீகில்தான் பெரும்பாலும் சேர்கின்றன. அதில் இடமில்லாத இந்தியா போன்ற அணிக்கு வலுவான எதிராளியோடு மோதும் வாய்ப்பே ஆண்டில் சில முறைதான் வரும். ஏணியின் முதல் படி தரையிலிருந்து ஆளுயரத்தில் இருந்தால் எப்படி ஏறுவது? 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு, 2026-ஆம் ஆண்டின் கண்டச் சாம்பியன்களுக்கு நேரடி இடம் என்று விதியை மறுபடி மாற்றியிருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரும் நிம்மதி. அப்போதும் இரண்டாம் இடத்துக்கு நேரடி இடம் இல்லைதான். ஆனால் வாசல் திரும்ப வந்துவிட்டது.

ஜெர்மனியின் கதை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. 2023-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த தகுதிச் சுற்றில், பிரேசிலைப் பிரேசிலிலேயே பின்னுக்குத் தள்ளி, ஏழு ஆட்டங்களில் ஏழையும் வென்று ஜெர்மனி பாரிசுக்குத் தகுதி பெற்றது. குரோசரும் இருந்தார், காம்பாவும் இருந்தார். இருவருக்கும் லண்டனுக்குப் பிறகு 12 ஆண்டுகள். 2024 ஆகஸ்ட் 5 அன்று காலிறுதியில் அவர்களுக்கு எதிரில் நின்றது பிரான்ஸ். பிரான்ஸின் பயிற்சியாளராக எல்லைக்கோட்டருகே நின்றவர், பெர்லினில் ஜெர்மனியின் பக்கம் நின்ற அதே ஆந்த்ரேயா ஜானி.

அப்போது நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். அப்பாவும் நானும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். முதல் செட் ஜெர்மனிக்கு, 25-18. இரண்டாவது செட்டும் ஜெர்மனிக்கு, 28-26. நான் எழுந்தே நின்றுவிட்டேன். அப்பா மட்டும் அசையவில்லை. “உக்காருய்யா, இன்னும் முடியல” என்றார். மூன்றாவது செட்டைப் பிரான்ஸ் எடுத்தது, நான்காவதையும் எடுத்தது. ஐந்தாவது செட் 15-13. ஐந்து நாள் கழித்து அதே அணி போலந்தை நேர் செட்டுகளில் வென்று மறுபடியும் தங்கம் பெற்றது. ஆந்த்ரேயா ஜானிக்கும் தன் 54-ஆவது வயதில் ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது.

ஆனால் காலிறுதி முடிந்த அந்த நிமிடத்தில் கேமரா பிரெஞ்சு வீரர்களை விட்டு அகலவில்லை. அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு துள்ளுவதையும், சொந்த ரசிகர்களின் கூட்டத்தையும் மாற்றி மாற்றிக் காட்டியது. குரோசருக்கு அப்போது 39 வயது.

“அன்னைக்கு பெர்லின்ல தோத்தாருன்னு சொன்னியே, அவருதான இவரு?” என்று அப்பா கேட்டார்.

“ஆமாப்பா.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். திரையின் வலது ஓரத்தில், வலைக்கு அந்தப் பக்கம், வெள்ளைச் சட்டைத் தோள் ஒன்று ஒரு கணம் தெரிந்து மறைந்தது. அடுத்த முறை தெரிகிறதா என்று அப்பா அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.